கைக்கு எட்டும் உயரத்தில் காலைச் சாப்பாடு

எங்கள் வீட்டுச் சமையல் மேடையின் உயரம் 33 அங்குலம். சின்னவனுக்கு நான்கு வயது. சுவரோரமாக நிற்க வைத்து அளந்தால் 40 அங்குலம் இருக்கிறான். மேடை விளிம்பு அவனுக்குத் தோள்மட்டம். அதன்மேல் என்ன இருக்கிறது என்று பார்க்கவே எக்கி நிற்க வேண்டும். அந்த உயரத்தில் ஒரு வாழைப்பழத்தை நறுக்கச் சொன்னால் பெரியவர்களுக்கும் கை வராது. நம் தோளுக்குச் சமமாக ஒரு பலகையைப் போட்டு அதில் வெங்காயம் அரிந்து பாருங்கள், தெரியும்.

நான் கோவை கணபதி பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனியின் டூல் ரூமில் வேலை செய்கிறேன். ஜிக், ஃபிக்ஸ்ச்சர், அதாவது வேலை நடக்கும்போது பொருளைச் சரியான இடத்தில் அசையாமல் பிடித்துக்கொள்கிற கருவிகள், செய்வதுதான் பிழைப்பு. ஒரு ஆள் ஒரே வேலையில் திரும்பத் திரும்பத் தடுமாறுகிறார் என்றால் நாங்கள் முதலில் அந்த ஆளைக் குறை சொல்ல மாட்டோம். டேபிள் என்ன உயரத்தில் இருக்கிறது, பொருளை எடுக்க எவ்வளவு தூரம் கை நீட்டுகிறார், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பார்ப்போம். பாதிக்கு மேல் அங்கேயே சரியாகிவிடும். பிள்ளைகள் விஷயத்திலும் அதேதான் என்பது என் எண்ணம். "எங்க பசங்க தண்ணிகூடத் தானா எடுத்துக் குடிக்க மாட்டாங்க" என்று வருத்தப்படுகிறவர்கள் வீட்டுக்குப் போனால், டம்ளர் ஐந்தடி உயர ஸ்டாண்டில் இருக்கும். தண்ணீர் ஃபில்டர் அதற்கும் மேலே ஆணியில் தொங்கும். பிள்ளை என்ன செய்யும்? "அம்மா, தண்ணி" என்றுதான் கத்தும்.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்தது ஒரு மே மாதத்தில். பெரியவள் படிப்பது அரசுப் பள்ளியில், மூன்றாம் வகுப்பு. பள்ளி இருக்கும் நாளில் அவளுக்குக் காலைச் சாப்பாடு அங்கேயே. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள எல்லா அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று ஏதாவது ஒன்று சூடாகக் கிடைக்கும். காலையில் இரண்டு பேரும் வேலைக்கு ஓடுகிற எங்களைப் போன்ற வீடுகளுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை வார்த்தையில் சொல்ல முடியாது. பள்ளி லீவு விட்டால்தான் சிக்கல். மனைவி ஸ்டாஃப் நர்ஸ். ஏழு மணி டூட்டிக்கு ஆறேகாலுக்கே கிளம்ப வேண்டும். நான் எட்டு மணிக்குக் கிளம்புவேன். அம்மா எங்களோடு இருக்கிறார், ஆனால் முழங்கால் வலி. மேடை முன்னால் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. சின்னவன் அங்கன்வாடிக்குப் போகிறவன். மதியச் சாப்பாடு அங்கே. காலைக்கு எப்போதும் வீட்டில்தான்.

அம்மாவின் முழங்காலைப் பற்றிப் பேசும்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. அந்த மேடை பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, அம்மாவுக்கும் ஒத்துவராத மேடை. அவினாசிப் பக்கத்து எங்கள் ஊர் வீட்டில் அம்மா உட்கார்ந்துதான் சமைத்தார். அடுப்பு தரையில். அம்மி தரையில், ஆட்டுக்கல் தரையில், அரிவாள்மணையைக் காலால் அமுக்கிக்கொண்டு காய் அரிவதும் தரையில். மூன்று வயதுப் பிள்ளை வந்து உட்கார்ந்தாலும் அம்மாவின் கை என்ன செய்கிறது என்பது அதன் கண்ணுக்கு நேராகத் தெரியும். ஒரு கைப்பிடி அவரைக்காயைத் தள்ளிவிட்டு "நார் எடு சாமி" என்றால் போதும், பிள்ளைக்கு வேலை வந்துவிடும்.

அந்தக் காலத்து அடுப்படியை நான் தூக்கிப் பிடிக்கவில்லை. கண்ணெரிச்சலும் புகையும் இருந்தன. பெண் பிள்ளையைப் பள்ளியை விட்டு நிறுத்தி அடுப்பு முன்னால் உட்கார வைத்ததும் நடந்தது. என் அம்மாவே ஐந்தாம் வகுப்போடு நின்றவர். காஸ் அடுப்பு வந்தது நல்லதுதான். சிலிண்டரைவிட அடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி, அதனால் மேடையும் வந்தது. ஆனால் சமையல் தரையிலிருந்து மேடைக்கு ஏறியபோது பிள்ளைகள் அதோடு ஏறவில்லை. கூடத்துக்குப் போனார்கள், டிவி முன்னால் உட்கார்ந்தார்கள், தட்டு அவர்களிடம் போனது. அதற்கப்புறம் நாமே "ஒண்ணும் தெரியாம வளருதுங்க" என்று சொல்ல ஆரம்பித்தோம்.

பிள்ளைகளுக்கு எட்டுகிற உயரத்தில் எல்லாவற்றையும் வைக்க வேண்டும் என்று நூறு வருடத்துக்கு முன்பே சொன்னவர் மரியா மாண்டிசோரி. 1907ல் ரோம் நகரில், சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் அவர் தொடங்கிய முதல் பள்ளியிலிருந்து வளர்ந்த முறை அது. தாழ்ந்த அலமாரி, பிள்ளைகளே தூக்கக்கூடிய நாற்காலி. ஊற்றுவது, துடைப்பது, பரிமாறுவது எல்லாம் அங்கே பாடம். அவர் 1939ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார் என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியாது. இன்றைக்கு அவர் பெயரைப் போட்ட பள்ளிகளில் கட்டணம் கேட்டால் மலைப்பாக இருக்கிறது. அந்த முறையின் முதல் படி ஒரு தாழ்ந்த மேசைதான். அதைச் செய்ய எனக்குப் பழைய பேக்கிங் பெட்டிப் பலகை போதுமானதாக இருந்தது.

20 அங்குல உயரம். நிற்கும்போது முழங்கை எங்கே வருகிறதோ அதற்கு நாலு விரல் கீழே பலகை இருந்தால் கை தளர்வாக வேலை செய்யும். சின்னவனுக்கு அது 20 அங்குலம். மூலைகளை உருட்டி, உப்புத்தாள் போட்டு இழைத்து, சமையலறைக்குள் நுழைந்ததும் இடதுபக்கச் சுவரோரம் போட்டேன். அடுப்புக்கும் அதற்கும் நடுவில் ஆள் நடமாட இடம் இருக்க வேண்டும் என்பதில் மனைவி கண்டிப்பாக இருந்தாள். மேசைக்குக் கீழே ஒரு தட்டு. அதில் அவர்களுடைய இரண்டு தட்டு, இரண்டு கிண்ணம், டம்ளர், ஸ்பூன். சின்ன டப்பாக்களில் கெட்டி அவல், நாட்டுச்சக்கரை, வறுத்த நிலக்கடலை, இட்லிப்பொடி. மூடியைத் திருகித் திறக்கும் டப்பா சின்னவன் கைக்கு வரவில்லை. அழுத்தி மூடுகிற எவர்சில்வர் டப்பாவோ இறுக்கம். கடைசியில் மேலே சும்மா கவிழ்த்து வைக்கிற மூடி உள்ள தூக்குப்போசிதான் சரிப்பட்டது. பக்கத்துச் சுவரில், அவன் இடுப்பு உயரத்தில் ஒரு ஆணி. அதில் கரித்துணி.

கரித்துணி முக்கியம். சிந்தாமல் ஊற்றுவதைவிட, சிந்தினால் என்ன செய்வது என்பதைப் பிள்ளை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சிந்தியதும் நம் முகத்தைப் பார்க்கிறது பிள்ளை. துணி கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தால் நம் முகத்தைப் பார்க்காமல் துணியைப் பார்க்கிறது. அப்புறம் அழுகையும் இல்லை, திட்டும் இல்லை.

அவலில் ஆரம்பித்தோம். தீயும் வேண்டாம், கத்தியும் வேண்டாம் என்பதால். மெல்லிய அவல் என்றால் தண்ணீரில் அலசி எடுத்தாலே போதும், கையோடு குழைந்துவிடும். கெட்டி அவலுக்கு கால் மணி நேரமாவது ஊற வேண்டும். பிள்ளைகளுக்குக் கெட்டி அவல்தான் நல்லது, ஏனென்றால் அது மன்னிக்கும். தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் பிழிந்துவிடலாம், கொஞ்சம் குறைந்தாலும் இன்னொரு வாய் ஊற்றலாம். ஒரு டம்ளர் அவலை இரண்டு தண்ணீரில் கழுவி, மேலே விரல் கணு மூழ்கத் தண்ணீர் வைத்து மூடுவது. ஊறுகிற நேரத்தில் பல் தேய்த்துவிட்டு வந்துவிடலாம். வந்ததும் நாட்டுச்சக்கரை, தேங்காய்த் துருவல், வாழைப்பழம். கவுந்தப்பாடி நாட்டுச்சக்கரை எங்கள் பக்கத்தில் எந்தச் சந்தையிலும் கிடைக்கும். தேங்காய் மட்டும் அம்மா துருவித் தருவார். துருவியின் பல் பிள்ளைக் கைக்கு ஆகாது.

சின்னவன் தண்ணீர் ஊற்றுவதை உட்கார்ந்து பார்க்க வேண்டும். பெரிய ஜக்கைக் கொடுத்தால் கனம் தாங்காமல் கை கவிழும். அதனால் அரைச் சொம்புத் தண்ணீர்தான். இரண்டு கையாலும் சொம்பின் கழுத்தைப் பிடிப்பான். உதட்டை உள்ளுக்கு மடித்துக்கொள்வான். சொம்பின் வாயைக் கிண்ணத்தின் விளிம்பில் தொட வைத்துவிட்டு அப்புறம்தான் சாய்ப்பான். அதை அவனாகவே கண்டுபிடித்தான், நாங்கள் யாரும் சொல்லவில்லை. தொட வைத்தால் சொம்பு ஆடாது. எங்கே நிறுத்துவது என்பதுதான் அவனுக்குப் புரியாமல் இருந்தது. டூல் ரூமில் இரும்பில் நம்பர் பொறிக்கிற பென்சிலால் அவனுடைய கிண்ணத்துக்குள் ஒரு கோடு கீறிக்கொடுத்தேன். இப்போது தண்ணீர் கோட்டைத் தொட்டதும் சொம்பை நிமிர்த்திவிட்டு, குனிந்து கண்ணைக் கிண்ணத்துக்குச் சமமாக வைத்து ஒரு தரம் பார்த்துக்கொள்வான். கம்பெனியில் வெர்னியர் என்கிற நுணுக்கமான அளவுகோலில் அளவு பார்க்கிறவர்கள் இந்தப் பக்குவத்துக்கு வர எனக்குத் தெரிந்து நாளாகும்.

இதில் பெரியவர்களுக்கு ஒரு பயிற்சி தேவைப்படுகிறது: கையைக் கட்டிக்கொண்டு உட்கார்வது. அம்மாவுக்கு அதுதான் கஷ்டம். "ஏஞ்சாமி, கொண்டா, அப்பத்தா ஊத்தித் தரேன்" என்று கை நீண்டுவிடும். அன்பால் நீள்கிற கை. அதைத் தட்டிவிடவும் மனம் வராது. அதனால் அம்மாவிடம் வேறொன்று கேட்டேன். செய்துகொடுக்க வேண்டாம், ஒரே ஒரு தடவை மெதுவாகச் செய்து காட்டினால் போதும், பேசாமல். பேசிக்கொண்டே செய்தால் பிள்ளை வாயைப் பார்க்கிறது, கையைப் பார்ப்பதில்லை. அம்மாவுக்கு இது சட்டென்று பிடித்துவிட்டது. அவருக்கு அவருடைய அம்மா கற்றுக்கொடுத்ததும் அப்படித்தானாம், யாரும் உட்கார வைத்துப் பாடம் எடுக்கவில்லையாம்.

நிலக்கடலை விஷயத்தில் மனைவி சொன்னதை எல்லா வீட்டுக்காரர்களுக்கும் சொல்லியாக வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு முழு நிலக்கடலை, முழு முந்திரி, முழுத் திராட்சை கொடுக்கக் கூடாது. மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். சிரித்துக்கொண்டோ ஓடிக்கொண்டோ தின்றால் ஆபத்து இன்னும் அதிகம். எங்கள் பக்கத்தில் கடலை இல்லாத வீடு ஏது? அதனால் சின்னவனுக்கு ஒரு கைக்கடக்கமான உரல் வாங்கிக்கொடுத்தோம், இஞ்சி ஏலக்காய் தட்டுவார்களே, அது. கடலையை அதில் போட்டு இடித்துப் பொடியாக்குவது அவன் வேலை. தோல் பறந்து தரையெல்லாம் ஆகும், ஆகட்டும். இடித்த கடலையும் நாட்டுச்சக்கரையும் அவல் மேல் தூவினால், அதைவிட ருசியான காலைச் சாப்பாட்டை நான் எந்த ஹோட்டலிலும் தின்றதில்லை. 'கூடாது' என்று ஒன்றைச் சொல்லும்போது அதன் பக்கத்திலேயே பிள்ளை செய்யக்கூடிய ஒரு வேலையை வைத்துவிட்டால் அந்தக் 'கூடாது' நிற்கிறது.

அடுத்தது பழைய சோறு. இதை முதலில் சொன்னது அம்மா. சின்னப் பிள்ளை தானே செய்து சாப்பிட இதைவிட ஏற்றது கிடையாது என்றார். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். பாதி வேலை முந்தின ராத்திரி நடக்கிறது, மிச்சத்தை சோறே பார்த்துக்கொள்கிறது. ராத்திரி சோறு நன்றாக ஆறிய பிறகு மண்சட்டியில் போட்டு, மூழ்கத் தண்ணீர் ஊற்றி, மூடி, சன்னல் ஓரத்தில் வைப்பது. வெயில் காலத்தில் சீக்கிரம் புளித்துவிடும் என்பதால் மேயில் படுக்கப் போகும் முன்னால்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். காலையில் கையை விட்டுப் பிசைந்து, மோர் ஊற்றி, உப்புப் போட்டால் ஆயிற்று. பெரியவள் சின்ன வெங்காயம் உரிப்பாள். கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டுவைத்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும், கண்ணும் அவ்வளவு எரியாது. உப்புதான் தகராறு. கல் உப்பை அள்ளிப் போட்டுவிடுவார்கள். இரண்டு விரலால் எத்தனை கல் வருகிறதோ அத்தனைதான், ருசி பார்த்துவிட்டு வேண்டுமானால் இன்னொரு தடவை என்று வைத்திருக்கிறோம்.

நாளைக்கு என்ன சாப்பிடுவது என்று ராத்திரியே யோசித்து, அதற்காக ஒரு வேலையைச் செய்துவிட்டுப் படுப்பது எட்டு வயதுப் பிள்ளைக்குச் சின்ன விஷயமா? "அப்பா, நாளைக்குச் சட்டிக்குச் சோறு மிச்சமில்ல, அவல்தான்" என்று அவள் வந்து சொல்லும்போது நான் அவளை வேறு மாதிரிப் பார்க்கிறேன். தன் வயிற்றைப் பற்றித் தானே கணக்குப் போடுகிற ஒரு ஆள் அங்கே நிற்கிறாள்.

தோசைக்கு வருவோம். பெரியவள் அதை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் அதற்குப் பெரிய விவாதமே நடந்தது. மனைவி ஆஸ்பத்திரியில் பார்க்கிறவள். தீயில் வெந்து வருகிற பிள்ளைகளைவிட, கொதிக்கிற நீர்ப்பொருள் மேலே கொட்டி வருகிற பிள்ளைகள் அதிகம் என்பாள். தரையில் இறக்கிவைத்த சாம்பார்க் குண்டா, குளிக்க விளாவாமல் வைத்த வெந்நீர் வாளி, மேடை ஓரத்தில் வைத்த டீ டம்ளர். அதனால் அவள் போட்ட விதி இது: கொதிக்கிற எதுவும் தரையிலும் தாழ்ந்த மேசையிலும் வரக் கூடாது. குக்கர், தாளிப்பு, கஞ்சி வடிப்பது, மிக்ஸி, நான்கும் பெரியவர்களுடையது. நாங்கள் இரண்டு பேரும் வெளியே போகும்போது ரெகுலேட்டர் மூடியிருக்க வேண்டும். தோசை ஞாயிற்றுக்கிழமை மட்டும், ஒரு பெரிய ஆள் கை எட்டும் தூரத்தில் நின்றால் மட்டும். முக்காலி போட்டு ஏறிக் காஸ் அடுப்பு முன்னால் நிற்பது வேண்டவே வேண்டாம். கால் வழுக்கினால் கை எங்கே போகும் என்று நினைத்தாலே பதறுகிறது.

எனவே தாழ்ந்த மேசையில் ஒரு இண்டக்ஷன் அடுப்பு வைத்தோம், ஒயர் சுவர்ப்பக்கம் போகும்படி. அடி தட்டையான இரும்புக் கல். கல்லை எடுத்த பிறகும் அடுப்பின் கண்ணாடி கொஞ்ச நேரம் சுடும் என்பதை அவளுக்குச் சொல்லியிருக்கிறோம். முடியைப் பின்னிக் கட்ட வேண்டும், தொளதொள கவுன் ஆகாது. அந்த நேரத்தில் சின்னவன் சமையலறை வாசலுக்கு வெளியே.

முதல் தோசையில் மாவு கல்லில் ஒட்டாமல் கரண்டியோடு சுருண்டு வந்தது. அவள் என்னைப் பார்த்தாள், நான் கல்லைப் பார்த்தேன். அவளும் கல்லைப் பார்த்தாள். புகை வந்துகொண்டிருந்தது. "சூடு ஜாஸ்தியா இருக்கா?" என்றாள். தண்ணீர் தெளித்துப் பார்க்கச் சொன்னேன். தெளித்த துளி கல்லில் நிற்காமல் உருண்டு ஓடி மறைந்தது. வாட்ஸைக் குறைத்து, இன்னும் கொஞ்சம் தெளித்து, பாதி வெங்காயத்தால் துடைத்தாள். அடுத்த கரண்டி மாவை நடுவில் விட்டு, அழுத்தாமல் சுற்றினாள். மாவு அப்படியே உட்கார்ந்தது. ஓரம் வெளுத்து, அப்புறம் பொன்னிறமாகி, கல்லை விட்டுத் தானாகக் கிளம்பியது. தோசைத் திருப்பியை உள்ளே விடும்போது அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. வட்டமாக இல்லை, ஒரு பக்கம் கனம், இன்னொரு பக்கம் ஓட்டை. இட்லிப்பொடியைத் தூவி நல்லெண்ணெய் விட்டு, தட்டில் போட்டு, மேசை ஓரமாகவே உட்கார்ந்து தின்று முடித்தாள். அந்த முகத்தில் இருந்த நிமிர்வை நான் மதிப்பெண் அட்டை கொண்டுவந்த நாளில்கூடப் பார்த்ததில்லை.

சூடு பட்டுவிட்டால்? குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு 20 நிமிடம் காட்ட வேண்டும். முழுதாக 20 நிமிடம். டூத்பேஸ்ட், பேனா மை, இட்லி மாவு, ஐஸ் எதுவும் வைக்கக் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. பெரிதாக இருந்தாலோ முகம், கை மடிப்பில் பட்டிருந்தாலோ தண்ணீர் காட்டிய கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். இதைப் பெரியவளுக்கே சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறாள் அவள் அம்மா. விரல் நுனி கல்லில் பட்ட ஒரு நாள், நாங்கள் எழுந்திருப்பதற்குள் அவளே குழாயடிக்குப் போய் நின்றாள்.

சொந்தக்காரர்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். பெரியவளைப் பார்த்தால், "இப்பவே நல்லாப் பழக்கீட்டீங்க, போற எடத்துல பேரு வாங்கித் தருவா" என்கிறார்கள். சின்னவனைப் பார்த்தால், "ஆம்பளப் பையன எதுக்குங்க அடுப்படியில உட்டு வெச்சிருக்கீங்க" என்கிறார்கள். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை, நேராகவே சொல்லிவிடுகிறேன். எட்டு வயதுப் பிள்ளை ஒரு தோசை சுட்டால், இன்னும் பார்க்காத யாரோ ஒரு மாமியாருக்கு அதில் என்ன பங்கு? அவள் பசிக்கு அவள் சுட்டுக்கொள்கிறாள். அவனுக்கும் அதே பசிதான், அதே கைதான். என் அப்பா கடைசி வரை ஒரு டம்ளர் காபி தானாகப் போட்டுக் குடித்ததில்லை. அம்மா ஊருக்குப் போய்விட்டால் பேக்கரியில் போய் உட்கார்ந்திருப்பார். நல்ல மனிதர், உழைப்பாளி. ஆனால் தன் வீட்டு அடுப்படியில் அவர் கடைசி வரை விருந்தாளியாகவே இருந்தார். சின்னவன் அப்படி ஆகக் கூடாது.

அதனால் எங்கள் வீட்டில் அவரவர் தட்டுக்கு அவரவர் என்பதுதான் ஏற்பாடு. "அப்பாவுக்கு ஒரு டீ போட்டுக் கொண்டா", "தம்பிக்கு ஊட்டிவிடு", "பாட்டிக்குத் தோசை சுடு" என்று பெரியவளை நாங்கள் ஏவுவதில்லை. கற்றுக்கொண்ட பிள்ளையின் தலையில் வீட்டு வேலையை ஏற்றிவிடுவது ரொம்பச் சுலபம், அதுவும் பெண் பிள்ளை என்றால். அப்படி ஏற்றிவிட்டால் இது தற்சார்பு இல்லை, சம்பளம் இல்லாத வேலை. அவளாக விரும்பி ஒரு தோசை கொடுத்தால் மகிழ்ச்சியாக வாங்கிச் சாப்பிடுவோம். நைட் டூட்டி முடித்து வருகிற அம்மாவுக்கு சில ஞாயிறுகளில் அப்படி ஒன்று கிடைக்கிறது. செய்ய மனமில்லாத நாளில் "இன்னைக்கு நீங்களே குடுங்கப்பா" என்று சொல்லவும் அவளுக்கு உரிமை உண்டு. காய்ச்சல் வந்த பிள்ளையிடம் யாரும் அவலை ஊறவைக்கச் சொல்லப் போவதில்லை.

நேரம் ஆகிறது, வீடு அலங்கோலமாகிறது என்பார்கள். ஆகத்தான் செய்யும். பள்ளி நாளில், எட்டரை மணி அவசரத்தில் இதை ஆரம்பிக்காதீர்கள். பிள்ளைக்கும் எரிச்சல், உங்களுக்கும் எரிச்சல். லீவு நாளில், உங்களுக்கும் எங்கும் போக வேண்டியதில்லாத ஒரு காலையில், ஒரே ஒரு பண்டத்தோடு ஆரம்பியுங்கள். வாழைப்பழம் உரிப்பது போதும். காம்புப் பக்கம் லேசாகக் கீறிக்கொடுத்தால் மூன்று வயதுப் பிள்ளையே உரித்துவிடும். பூவன்பழம் சின்னக் கைக்கு அளவாக இருக்கும். உரித்ததைக் கிண்ணத்தில் போட்டு நாட்டுச்சக்கரையும் கொஞ்சம் நெய்யும் கொட்டை எடுத்த பேரீச்சையும் சேர்த்துக் கையால் பிசைந்தால், பழனியில் வாங்கிய பஞ்சாமிர்தம் தீர்ந்துபோன வீட்டில் பிள்ளைகள் கொண்டாடித் தின்பார்கள். முழங்கை வரை வழிந்து, எறும்பு வந்து, நீங்கள் தரையைத் துடைக்க வேண்டியிருக்கும். துடைக்கும்போது பிள்ளை கையிலும் ஒரு துணியைக் கொடுங்கள்.

இப்போது பெரியவளுக்குச் சட்னி ஆசை வந்திருக்கிறது. மிக்ஸியைத் தொடக் கூடாது என்பதால் வழி என்ன என்று அவளும் என் அம்மாவும் சேர்ந்து யோசித்தார்கள். கொல்லைப்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்கு அருகில் ஊரிலிருந்து கொண்டுவந்த அம்மி சும்மா கிடந்தது. போன வாரம் அதைத் தேய்த்துக் கழுவினார்கள். அம்மா ஒரு மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்து, குழவியின் இரண்டு முனையையும் எப்படிப் பிடிக்க வேண்டும், விரல் நசுங்காமல் எப்படித் தள்ளி இழுக்க வேண்டும் என்று ஒரு தரம் காட்டினார். பொட்டுக்கடலை, தேங்காய், உப்பு, ஒரு சின்ன வெங்காயம். கரகரப்பாகத்தான் வருகிறது, குழவி அவளுக்கு இன்னும் கனம். பச்சை மிளகாய்தான் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. அரைத்த கையைக் கண்ணில் வைத்துவிட்டால் என்ன ஆகும் என்று அம்மாவுக்குப் பயம், காரமில்லாத சட்னியை யார் தின்பது என்று இவளுக்குக் கோபம். இப்போதைக்கு மிளகாயை மட்டும் அப்பத்தா அரைத்து ஓரமாக வழித்து வைப்பது, மிச்சத்தை அவள் அரைப்பது என்று முடிவாகியிருக்கிறது.